நான்காவது வரி ஏன் நீளம்

எங்கள் இலக்கிய வட்டத்துக்கு ஓர் ஆப்பிரிக்கக் கவிஞர் தேவைப்பட்டார். செப்டம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து நாற்பதுக்கு இந்தத் தேவை ஒருமனதாக உணரப்பட்டது என்று என் குறிப்பேடு சொல்கிறது. பிறநாட்டுக் கவிஞர்களைக் கௌரவிக்கும் திட்டத்தில் ஒரு பாகிஸ்தானி கஜல்காரருக்கும், ஒரு ஃபிலிப்பைன்ஸ் நர்ஸுக்கும், மகள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஓர் ஐரோப்பியப் பெரியவருக்கும் ஏற்கெனவே பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. கண்டங்களில் ஆப்பிரிக்கா பாக்கி இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு ஆப்பிரிக்காக்காரங்க யாரையாச்சும் தெரியுமா?" என்று தலைவர் என்னிடம் கேட்டார். ஏசி பொருத்தும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவின் தலைவர் அவர். கோயம்புத்தூர்க்காரர். மரியாதை குறையாமல் மட்டம் தட்டத் தெரிந்தவர்.

"எங்க வொர்க்‌ஷாப் கேட்ல ஒருத்தர் இருக்கார். உகாண்டாக்காரர். கவிதை எழுதுவார்."

"கேட்லயா?"

"செக்யூரிட்டி."

கடித்த சமோசா தட்டுக்குத் திரும்பியது. "பரவால்லீங்க, அதுவும் ஒரு கோணந்தான்" என்றார் தலைவர். "போஸ்டர்ல மட்டும் அதைப் போட வேண்டாம்."

நான் வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில், இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். அப்போது குறிப்பேடு எழுதத் தொடங்கிப் பதினோரு ஆண்டு. என்ன நடந்தது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் சொன்னார். நேரம் போடாத செய்தியை நான் நம்புவதில்லை. மற்றவர்கள் ஊருக்குப் போன் பேசும் நேரத்தில் நான் புத்தகம் படிப்பேன். படைப்பு எப்படிப் பிறக்கிறது என்று பெரியவர்கள் எழுதியதை நிறையவே படித்திருக்கிறேன். மழை, நதி, மது, பிரிவு, தனிமை. யாரும் செக்யூரிட்டி டியூட்டி என்று எழுதியதில்லை.

காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவருக்கு டியூட்டி. மணிக்கு ஒருமுறை, உடன் நிற்கும் நேபாளியிடம் கேட்டை ஒப்படைத்துவிட்டு, மதில் ஓரமாக ஒரு சுற்று வர வேண்டும். சுற்றில் எட்டு இடங்களில் சுவரில் பொத்தான் அளவுக்கு இரும்பு வில்லைகள் பதித்திருக்கிறார்கள். கையிலிருக்கும் குட்டைக் கோலால் வில்லையைத் தொட்டால் 'பீப்' என்று சத்தம் வரும். எந்த வில்லையை எத்தனை மணிக்குத் தொட்டார் என்பது கோலுக்குள் பதிவாகிவிடும். எட்டாவது வில்லை என் ஸ்டோர் ஜன்னலுக்குக் கீழே. அங்கே வரும்போதெல்லாம் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் என்று நினைத்தேன். ஒரு மாதம் கவனித்துவிட்டுக் கேட்டேன். கேட்டில் எல்லோருக்கும் எல்லோரும் 'பாய்'. நாங்கள் பேசிக்கொண்டது இந்தியும் ஆங்கிலமும் கலந்த முசஃபா பாஷை. இங்கே தமிழில் தருகிறேன்.

"ஜெபம் இல்லை பாய். ஒரு வில்லைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு வரி. அடுத்த பீப் வரும்வரை அந்த வரி தாங்கினால் வைத்துக்கொள்வேன். பாதி வழியில் மறந்துபோனால், அது மறக்க வேண்டிய வரி."

"எழுதி வைக்கலாமே?"

"டியூட்டியில் பேப்பர் மாஃபி, போன் மாஃபி, எதுவும் கூடாது. கேட்டில் கேமரா இருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு தடவை அதே எட்டு வரியைத் தேய்ப்பேன். ஆறு மணிக்கு, நாங்கள் தங்கும் கேம்புக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதுவேன்."

ஆகவே அவருடைய கவிதைகள் எல்லாவற்றுக்கும் எட்டு வரிதான். எல்லாவற்றிலும் நான்காவது வரி மட்டும் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு நீளம். காரணத்தை நானே அவருடன் நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்காவது வில்லை பெயிண்ட் ஷெட்டின் பின்சுவரில் இருக்கிறது. மூன்றிலிருந்து அங்கே போக, ஷெட்டை முழுதாகச் சுற்றி, பழைய டிரெய்லர்கள் நிற்கும் சந்து வழியாக நடக்க வேண்டும். நான்கு நிமிடம். அந்த ஷெட் இன்னும் சிறியதாக இருந்திருந்தால் நான்காவது வரியும் சிறுத்திருக்கும்.

கவிதைகளின் விஷயமும் விசித்திரமானது. எல்லாமே மரண அறிவிப்புகள். இரும்பைத் தேய்த்துத் தேய்ந்துபோன கிரைண்டிங் டிஸ்க், ஒற்றைக் கையுறை, வெடித்த டயர், ஆகஸ்ட் மாதத்தில் நின்றுபோன கேம்ப் ஏசி. ஒன்றை நானே மொழிபெயர்த்தேன். அதன் முதல் நான்கு வரிகள்:

*வருத்தத்துடன் அறிவிக்கிறோம்: நாலரை அங்குல டிஸ்க்.*
*நேற்று வந்தது, இன்று மதியத்துக்கு முன் தேய்ந்தது.*
*பிறந்த ஊர் பெட்டியில் இருந்தது, பெட்டியை எரித்துவிட்டார்கள்.*
*பிரிவால் வாடுவோர்: பிடித்திருந்த அரியலூர்க்காரர், அவர் கண்ணில் போன பொறி, பொறியை எடுத்த நர்ஸ், நர்ஸிடம் போகாதே என்ற ஃபோர்மன், ஃபோர்மனுக்குப் போன் செய்த ஆபீஸ், ஆபீஸ் இருக்கும் மாடி, அந்த மாடியின் கைப்பிடி, அதைச் செய்த இதே டிஸ்க்.*

அந்த அரியலூர்க்காரர் எங்களிடம் கிரைண்டர் பிடிப்பவர். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணே, அந்த ஆளு தேஞ்ச டிஸ்குக்கு ஒப்பாரி வைக்கிறாரா? நான் செத்தா வைப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டுச் சொன்னேன். "எட்டு வரிக்குள் அடங்குவாரா என்று அவரிடம் கேள்" என்று பதில் வந்தது.

இந்த வடிவத்துக்குக் காரணம் ரேடியோ. அவர் ஊரில் தினமும் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்களாம். இறந்தவர் பெயர், ஊர், பிறகு உறவினர் பட்டியல்: இன்னாரின் மாமா, இன்னார் வேலைபார்க்கும் இடம், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும். அவருடைய அம்மா அதைக் கேட்காமல் அடுப்பு மூட்டமாட்டாராம். "நான் கேட்ட முதல் இலக்கியம் அதுதான் பாய். எல்லோரும் வருவார்கள், யாரும் விட்டுப்போகமாட்டார்கள்." ஒரு கவிதையைச் சரி என்று முடிவு செய்வதற்கு முன், கேட்டில் காத்திருக்கும் பாகிஸ்தானிப் பட்டாணியரான டிரெய்லர் ஓட்டுநர் ஒருவருக்கு அதை இந்தியில் சொல்லிக் காட்டுவார். ஓட்டுநர் "ஃபிர்?" என்று கேட்டால், அதாவது அப்புறம் என்ன என்று கேட்டால், கவிதை பிழைக்கும். "யல்லா, கேட்டைத் திற" என்றால் செத்தது. நான் பார்த்த இலக்கிய விமர்சகர்களில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியவர் வேறில்லை.

அவருக்கு ஒரே ஒரு கவலை. ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியில் முடிகிறது. புதுப்பித்தால் இதே கேட். இல்லாவிட்டால் ராஸ் அல் கைமாவில் ஒரு குவாரிக்கு அனுப்புவார்கள், அல்லது ஊருக்கே அனுப்புவார்கள். குவாரியில் சுற்று கிடையாது; ஒரு தகரக் கூண்டுக்குள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். "உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரியும் வராது" என்றார். அறுபது கவிதைகள் முடித்துப் புத்தகமாக்க வேண்டும் என்று இருந்தார். அப்போது முப்பத்தெட்டு முடிந்திருந்தது.

விழா அக்டோபர் கடைசி ஞாயிறு நடந்தது. இடம், ஓர் உணவகத்தின் மாடி ஹால். வாரவிடுமுறையை நேபாளியுடன் மாற்றிக்கொண்டு, யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுடன் அவர் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். நிகழ்ச்சியும் ஐந்து மணி என்றுதான் போட்டிருந்தது. ஐந்து ஐம்பதுக்கு, எங்கள் இருவருக்கும் அடுத்து மூன்றாவது ஆளாகத் தலைவர் வந்தார். ஹாலில் நெருப்பு கூடாது என்பதால் பேட்டரி குத்துவிளக்கை ஐந்து பேர் சேர்ந்து ஸ்விட்ச் போட்டு ஏற்றினார்கள். வரவேற்புரை பதினெட்டு நிமிடம். வரவேற்புரை வழங்கியவரை வாழ்த்தி ஒருவர் ஆறு நிமிடம். தலைமையுரை நாற்பத்தொரு நிமிடம். அதில் சிங்கம் ஏழு தடவை வந்தது. உகாண்டா ஒரு தடவை, அதுவும் நைஜீரியாவாக.

"இந்த நான்காவது வரியைக் கவனிக்கணும்" என்று தலைவர் என் மொழிபெயர்ப்பைக் கையில் உயர்த்திப் பிடித்தார். "இது வெறும் வரியில்லீங்க. இது மூதாதையர் விடுகிற மூச்சு. காட்டில் முரசு அதிருது. மூணு சின்ன அடி, ஒரு பெரிய அடி. ஆப்பிரிக்க ரத்தத்தில் இருக்கிற தாளம்."

பெயிண்ட் ஷெட் இருக்கும் திசையில் நான் பார்த்தேன். கவிஞர் என்னைப் பார்த்தார். தலைவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். "எங்கள் வீட்டில் முரசு இல்லையே. ரேடியோதான் இருந்தது" என்றார்.

பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, அதைக் கொடுத்தவர்களுடன் குழுக் குழுவாகப் படம் எடுத்தபின் அவருக்கு ஏழு நிமிடம் மிஞ்சியது. எட்டு மணிக்கு ஹாலில் ஒரு பிறந்தநாள் விருந்து. வாசலில் பலூன்களுடன் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஒரு கவிதை சொன்னார். கேள்வி நேரத்தில் தலைவர், "சிங்கத்தை நேரில் பார்த்த அனுபவம்?" என்று கேட்டார்.

"பார்த்திருக்கிறேன். அல் ஐன் மிருகக்காட்சிசாலையில். கம்பெனி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். தூங்கிக்கொண்டிருந்தது."

கைதட்டல். பலூன்கள் உள்ளே வந்தன.

பொங்கல் மலருக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் கேட்டபோது, சிங்கத்துக்கும் முரசுக்கும் பதில் சொல்ல வாய்ப்பு கிடைத்ததாக நினைத்து ஒப்புக்கொண்டேன். அவரது படைப்பு முறை, சமூகப் பின்னணி. மூன்று வாரம் உழைத்தேன். என் வழக்கப்படி எழுதினேன். செவ்வாய் காலை ஒன்பது நான்கு, இரண்டாம் வில்லை அருகே 'டிஸ்க்' கவிதையின் இரண்டாம் வரி பிறந்தது. வியாழன் பிற்பகல் மூன்று பத்து, பெயிண்ட் ஷெட்டின் பின்னால் நான்காவது வரியில் ஃபோர்மன் சேர்க்கப்பட்டார். இப்படி இருபத்திரண்டு பதிவுகள். கம்பெனிகளின் பெயர் போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு உலகம் தெரியும். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு வாசித்துச் சொன்னபோது, "நேரம் எல்லாம் எதற்கு பாய்?" என்று கேட்டார்.

"நேரம் இல்லாவிட்டால் அது வதந்தி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மலர் அச்சிடப்படவில்லை. பி.டி.எஃப் ஆக வாட்ஸாப்பில் புறப்பட்டது. வளைகுடாவில் ஒரு தமிழ் பி.டி.எஃப் போகாத இடமில்லை; படிக்கப்படும் இடம்தான் இல்லை. நானும் அப்படி நம்பியே நிம்மதியாக இருந்தேன். ஜனவரி மூன்றாம் வாரம் புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு, செக்யூரிட்டி கம்பெனியின் ஏரியா சூப்பர்வைசர் என் ஸ்டோருக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கையில் ஒரு ஃபைல். போனில் என் கட்டுரை.

"அண்ணை, இதை எழுதினது நீங்களோ?"

"ஆமா."

"வடிவா எழுதியிருக்கிறியள். ரெண்டு தரம் வாசிச்சனான்." உட்கார்ந்தார். "அதுதான் இப்ப பிரச்சினை. எங்கட கார்ட் டியூட்டி நேரத்தில கவிதை கட்டுறார் எண்டு, நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு எழுதியிருக்கு. என்ர குரூப்பில மட்டும் நாலு பேர் எனக்கு அனுப்பினவை. நாளைக்கு ஆரும் இங்கிலீசில மாத்தி ஹெட் ஆபீசுக்கு அனுப்பினால் நான் என்ன சொல்லுறது? உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் ஏன் ஒண்டும் செய்யேல்லை எண்டு கேப்பினம்."

நான் மலரில் எழுதியது கவிதைப் பிறப்புக் குறிப்பு. ஒரு குற்றப்பத்திரிகைக்கு வேண்டிய எல்லாம் அதில் குறைவில்லாமல் இருந்தது.

"அவர் ஒரு சுற்றும் தவறவிட்டதில்லை. கோல்ல பாருங்க" என்றேன்.

"பாத்தனான். என்ர நாப்பத்தாறு பேரில இவரை மாதிரி ஒருத்தரும் நேரத்துக்குத் தொடுறேல்லை. மற்றவை ரெண்டு வில்லையை விட்டிட்டுத்தான் போவினம்." ஃபைலைத் திறந்து ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். "ஆனா இதில பாருங்கோ. குற்றத்துக்குப் பெட்டி இருக்கு. நித்திரை. போன். வராமல் விட்டது. யூனிஃபோர்ம். சண்டை. கவிதைக்குப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாத விசயம் எண்டால் 'மற்றவை'யில் எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்போணும். அங்க ஒருத்தருக்கும் விளங்காது. விளங்காட்டி நிப்பாட்டிப் போடுவினம். இவருக்கு அடுத்த மாசம் ரினிவல்."

கவிஞரைக் கூப்பிட்டோம். கேட்டை நேபாளியிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் படிவத்தை வாங்கி, பெட்டிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தார். கவிஞர்கள் அவ்வளவு கவனமாகப் படிவம் படித்து நான் பார்த்ததில்லை.

"தூங்கினேன் என்று எழுதினால் என்ன ஆகும்?"

"முதல் தரம் எண்டால் வோர்னிங். மூண்டு வரைக்கும் என்ர மேசையிலேயே கிடக்கும். மேல போகாது."

"அப்படியானால் தூங்கினேன் என்று போடு."

"நீங்கள் தூங்கவில்லையே" என்றேன் நான்.

"பாய், தூங்குகிறவனை இவர்களுக்குத் தெரியும். மன்னித்துப் பழக்கம் இருக்கிறது."

சாட்சிக் கையெழுத்து யார் என்ற கேள்வி வந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கட்டுரை எழுதியவனே, அது கவிதை இல்லை, தூக்கத்தில் முணுமுணுத்ததைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சாட்சி சொன்னால், யார் கேட்டாலும் காட்டிவிடலாம் என்றார் சூப்பர்வைசர். "நேரம் சரியாப் போடுங்கோ. உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை."

அங்கேதான் சிக்கல். அவர் தூங்கியதற்கு ஒரு நேரம் வேண்டும். கேட்டில் நிற்கும் நேரம் முழுதும் கேமராவில் இருக்கிறது. எல்லாவற்றிலும் விழித்தபடி நிற்கிறார். சுற்றில் இருக்கும் நேரம் முழுதும் கோலில் இருக்கிறது. பீப்புக்கும் பீப்புக்கும் நடுவில் ஓர் ஆள் கண்ணயர இடமில்லை. மூன்று பேரும் ஸ்டோர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு மாதப் பதிவைப் புரட்டி, கடமை தவறிய ஒரு நொடியைத் தேடினோம். அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் மிஞ்சியது பெயிண்ட் ஷெட்டின் பின்னால் இருக்கும் அந்த நான்கு நிமிடம் மட்டுமே.

"நிண்டபடி நித்திரை எண்டு எழுதுவம்" என்றார் சூப்பர்வைசர். "சுவரில சாஞ்சு."

எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "அந்த டிஸ்க் கவிதை" என்றார். "எங்கட வீட்டிலயும் மத்தியானம் றேடியோவில மரண அறிவித்தல் போகேக்க அம்மா ஒருத்தரையும் கதைக்க விடமாட்டா. அன்னாரின் மருமகன் கொழும்பு, பேரன் கனடா எண்டு அடுக்கிக்கொண்டு போவினம். அது முடிய வேணும், பிறகுதான் சோறு. இவர் அதைத்தான் எழுதுறார், என்ன? உங்கட கூட்டத்தில ஆரும் அதைச் சொல்லேல்லையோ?"

"முரசுன்னு சொன்னாங்க."

"முரசோ?" என்றார். சிரிக்கவில்லை. பேனாவைத் தந்தார். கவிஞரின் கவிதைகளைச் சரியாகப் படித்த ஒரே வாசகர், அவர் தூங்கினார் என்று சான்று எழுதிக்கொண்டிருந்தார். நான் கிழமை, மணி, நிமிடம், இடம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். பதினோரு ஆண்டில் நான் தெரிந்து எழுதிய முதல் பொய், மற்ற எல்லாப் பதிவுகளையும்விடத் துல்லியமாக இருந்தது.

பிப்ரவரி இரண்டாவது வாரம் ரினிவல் வந்தது. இரண்டு ஆண்டு. இதே கேட். அந்த ஆண்டுகளில் அவர் அறுபதையும் முடித்து ஊருக்குப் போய்விட்டார். சூப்பர்வைசரும் இப்போது இந்த நாட்டில் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஆனால் ரினிவல் வந்த அதே வாரம், வெள்ளி மாலை ஆறு ஐம்பதுக்கு, தலைவர் போன் செய்தார். செய்தி எப்படியோ அவர்வரை போயிருந்தது.

"ஏங்க, அந்த ஆள் டியூட்டில தூங்கினாராமே? நீங்களே சாட்சியாமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் அன்னிக்கே நினைச்சேனுங்க. இவங்களுக்கு உழைக்கிற பழக்கமே கிடையாது. நீங்க பாவம், தூக்கத்துல உளறினதைக் கவிதைன்னு நம்பிட்டீங்க. சரி விடுங்க, மலர்ல இருந்து கட்டுரையை எடுத்துட்டு, என் தலைமையுரையைப் போட்டு பி.டி.எஃப்பை மறுபடி அனுப்பிடறோம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

மறுக்க வேண்டிய எல்லாமே என்னிடம் இருந்தன. இருபத்திரண்டு பதிவுகள், ஒரு மாதத்துக் கோல் கணக்கு, எங்கும் தூங்காத ஒரு மனிதன். மறுத்தால் என் கையெழுத்து பொய் என்று ஆகும். அது பொய்யென்றானால் படிவம் மேலே போகும். ரினிவலில் மை காய்ந்து மூன்று நாள்கூட ஆகவில்லை.

"ஆமா சார். தூங்கினார்" என்றேன்.

மறுநாள் அவர் ஜன்னலுக்குக் கீழே வந்தபோது தலைவர் பேசியதை அப்படியே சொன்னேன். மறைப்பது இன்னும் மோசமாகப் பட்டது. எட்டாவது வில்லையைத் தொட்டார். பீப்.

"நீ என்ன சொன்னாய்?"

"தூங்கினீர்கள் என்று சொன்னேன்."

தலையை ஆட்டினார். "இனி அவர் என்னைக் கூப்பிடமாட்டார், இல்லையா?"

"மாட்டார்."

"நல்லது. போன தடவை அவருக்காக என் வாரவிடுமுறை போனது. துணிகூடத் துவைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கேட் பக்கம் நடந்தார். உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன. மணி என்ன என்று பார்க்கக் கை போனது. பார்க்கவில்லை.